பணியில் இருந்துகொண்டே சமுதாய மருத்துவ மேற்படிப்பு: எதைப் படிப்பது, ஆய்வேட்டை எப்படி முடிப்பது?

பதிவு 1 | மலைச்சாரல்

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் வேலை பார்க்கிற மருத்துவர், செவிலியர் எல்லாருக்கும் பயன்படுகிற மாதிரி ஒரு இழை வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்வி இரண்டுதான். வேலையை விடாமல் எதைப் படிக்கலாம்? டியூட்டிக்கு நடுவே ஆய்வேட்டை உருப்படியாக எப்படி முடிப்பது? தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்தே பேசலாம். எண், அளவு, வழிமுறை இருந்தால் நல்லது. கல்லூரி விளம்பரம் போட வேண்டாம்.

பதிவு 2 | பழைய ரெஜிஸ்டர்

மருத்துவர்களுக்கான வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சமுதாய மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு. முழுநேரம், நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு வழியாக (எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ.-செட்). அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு சர்வீஸ் ஒதுக்கீடு இருக்கிறது. அதை மாநிலங்களே வகுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 31.8.2020 அன்று சொன்ன தீர்ப்பு, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் போட்ட வழக்கில் வந்ததுதான். படித்து முடித்ததும் அரசுப் பணியிலேயே தொடர ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். காலத்தையும் தொகையையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எம்.டி.யில் 3 மாதம் மாவட்ட ரெசிடென்சி (மாவட்ட சுகாதார அமைப்பில் பயிற்சிப் பணி) உண்டு. உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் ஒன்றையும் இணையத்தில் முடித்தாக வேண்டும். அந்தப் பாடத்தை உருவாக்கியது நம் சென்னையில், அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், என்.ஐ.ஈ. எந்த மேற்படிப்புக்குப் போவதாக இருந்தாலும் சேருவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். ஆய்வுக் கேள்வி எழுதுவதில் தொடங்கி மாதிரி எடுப்பது, கேள்வித்தாள், நெறிமுறை வரை அதில் இருக்கிறது.

அதே என்.ஐ.ஈ.யில் நோய்ப்பரவியலும் சுகாதார அமைப்புகளும் என்ற 2 ஆண்டு எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்) இருக்கிறது. ஏற்கெனவே பொது சுகாதாரத்தில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து அமைத்த படிப்பு. வகுப்பில் கொஞ்ச காலம், களத்தில் நிறைய காலம். பணிமனைப் பயிற்சி மாதிரி, செய்துதான் கற்க வேண்டும்.

குடும்ப மருத்துவம் வேறு துறை, குழப்பிக்கொள்ள வேண்டாம். டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியத்தின் முதுநிலைத் தகுதி) குடும்ப மருத்துவம் 3 ஆண்டு, முழுநேரம், மருத்துவமனையில் துறை துறையாகச் சுற்ற வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடத்தும் குடும்ப மருத்துவ முதுநிலை டிப்ளமா 2 ஆண்டு. பாடத்தை வீட்டில் படிக்கலாம், நேரடிப் பயிற்சிக்குக் குறித்த நாட்களில் போக வேண்டும். புறநோயாளிப் பிரிவில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் நன்றாக வைத்தியம் பார்க்க இது உதவும். ஆனால் பதவி உயர்வுக்காகவோ கூடுதல் தகுதியாகப் பதியவோ ஒரு படிப்பு வேண்டுமென்றால், சேருவதற்கு முன் மாநில மருத்துவக் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எதற்கு விண்ணப்பித்தாலும் துறையின் தடையில்லாச் சான்று முன்கூட்டியே வேண்டும். முழுநேரப் படிப்பில் பெயரை வைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டால், படிப்பும் போகும், இன்கிரிமென்ட்டும் போகும்.

பதிவு 3 | வெள்ளை டைரி

செவிலியர்களுக்கு நான் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. நர்சிங்கில் சமுதாய சுகாதார செவிலியம் 2 ஆண்டு, முழுநேரம். பி.எஸ்சி. நர்சிங்கோ போஸ்ட் பேசிக்கோ (டிப்ளமா செவிலியர்கள் பிறகு படிக்கும் பி.எஸ்சி.) முடித்திருக்க வேண்டும், மொத்தத்தில் 55% மதிப்பெண், 1 ஆண்டு பணி அனுபவம். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அந்த 1 ஆண்டு, பட்டம் வாங்கிய பிறகு வர வேண்டும். போஸ்ட் பேசிக் முடித்தவர்களுக்கு முன்னால் பார்த்த வேலையும் கணக்கில் வரும். எம்.எஸ்சி. நர்சிங்கை அஞ்சல் வழியில் படிக்கவே முடியாது. "வார இறுதி வகுப்பு, வருகை பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள் சிஸ்டர்ஸ். இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்காத பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த வேலைக்கும் போக முடியாது.

இக்னோ நடத்திய 6 மாத சமுதாய சுகாதாரப் பாடம் சான்றிதழ் படிப்பு, மேற்படிப்பு இல்லை. இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணிக்கான பாலம் அது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராம சுகாதார, குடும்ப நல நிறுவனத்தின் சுகாதார மேம்பாட்டுக் கல்வி முதுநிலை டிப்ளமா, களத்தில் மக்களிடம் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பொருத்தமானது.

இப்போது மனதில் பட்டதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளில் பெரும்பகுதி ஒரே அச்சு: "... பற்றிய அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தலின் விளைவு." 60 பேர், ஒரே குழு, முன்தேர்வு, பாடம், 7 நாள் கழித்துப் பின்தேர்வு. மதிப்பெண் ஏறத்தான் செய்யும். கேள்வித்தாளை இரண்டாம் முறை பார்ப்பவர்கள்தானே! ஒப்பிட வேறு குழு இல்லை, நடத்தை மாறியதா என்று பார்க்கவில்லை. அதே 2 ஆண்டை, அதே உழைப்பைப் போட்டு, "பிரஷர் மாத்திரை வாங்குபவர்களில் யார் 2 மாதமாக வரவில்லை, ஏன்?" என்று பார்த்தால் அந்த ஊருக்கே உபயோகம்.

பதிவு 4 | தென்னங்கீற்று

ஆன்லைன் எம்.பி.எச். விளம்பரங்கள் நிறைய வருகின்றன. சேரலாமா?

பதிவு 5 | பழைய ரெஜிஸ்டர்

துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் நிறுத்திவிட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்றவை அதில் பெயரோடு வருகின்றன. எம்.பி.எச். விளம்பரம் பார்த்தால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பட்டியலைத் திறந்து பல்கலைக்கழகம், படிப்பின் பெயர், நீங்கள் சேரும் பருவம் எல்லாம் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து, அந்தப் படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பதிவு 6 | கீழ் எண்

படிப்பின் பெயரை விடுங்கள். சமுதாய மருத்துவ மேற்படிப்பு எதில் சேர்ந்தாலும் கற்க வேண்டியது ஒன்றுதான்: பின்னத்தின் கீழே எந்த எண் வருகிறது என்று கேட்பது. புறநோயாளிப் பிரிவில் வந்தவர்களை மட்டும் பார்க்கிறோம். வராதவர்களையும் எண்ணத் தெரிவதுதான் இந்தத் துறை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள் (மலைப்பகுதியில் 3,000). அதில் 30 வயது தாண்டியவர்கள் 2,600 பேர் என்று கொள்வோம். நாலில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று எதிர்பார்த்தால் 650 பேர். தொற்றா நோய் (என்.சி.டி.) பதிவேட்டில் 310 பேர்தான் இருக்கிறார்கள். கடைசி 3 மாதத்தில் மாத்திரை வாங்கியவர்கள் 220. அவர்களில் 140/90க்குக் கீழே இருப்பவர்கள் 120.

இப்போது "கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் எத்தனை சதவீதம்?" என்று கேட்டால், 220ஐக் கீழே போட்டால் 55%. 310ஐப் போட்டால் 39%. 650ஐப் போட்டால் 18%. மேலே இருக்கும் 120 மாறவே இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் 55 என்று வாசிக்கிறவரும் பொய் சொல்லவில்லை, 18 என்று சொல்கிறவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 55ஐ மட்டும் பார்த்தால் அந்த ஊரில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றும்.

பதிவேட்டில் ஏறாத 340 பேர், ஏறியும் வராமல் போன 90 பேர், வந்தும் கட்டுப்படாத 100 பேர். இவை மூன்றும் மூன்று வேறு நோய் மாதிரி. முதலாவதுக்கு வீடு வீடாகப் பரிசோதனை வேண்டும். இரண்டாவதுக்கு மாத்திரை வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாவதுக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும், அது மருத்துவர் கையில் இருக்கிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றை எடுத்தால் போதும்.

இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் காலாண்டுக் கணக்கில் "கட்டுப்பாட்டில்", "கட்டுப்படவில்லை", "வரவில்லை" என்று மூன்றாகப் பிரிப்பது இதனால்தான். வராதவரைத் தனிக் கட்டத்தில் போடாவிட்டால் அவர் காணாமலே போய்விடுவார்.

பதிவு 7 | வெள்ளை டைரி

இதைப் படித்ததும் சேர்க்கத் தோன்றியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்த் தந்து, மேலே சொன்ன இரண்டாவது ஓட்டையை (பதிவேட்டில் ஏறியும் வராதவர்கள்) அடைக்கிற அரசுத் திட்டம். ஆய்வு செய்பவர்களுக்கு அதன் வீட்டு வாரிப் பட்டியல் பெரிய வரம். கையில் கீழ் எண் இருக்கிறது. ஆனால் அப்படியே நம்பாதீர்கள். வேலைக்காகத் திருப்பூர் போனவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், இறந்தவர்கள் என்று ஒரு 20 வீட்டில் நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு, எத்தனை பெயர் பொருந்தவில்லை என்பதை ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். அதற்கே தேர்வாளர் மதிப்பெண் தருவார்.

பதிவு 8 | தென்னங்கீற்று

மாதிரி எண்ணிக்கைக்கு எல்லாரும் 384 என்று எழுதுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? என் தலைப்புக்கும் அதுதானா?

பதிவு 9 | கீழ் எண்

384 என்பது 50% பரவல் (மக்களில் நோய் உள்ளவர்களின் பங்கு), 5 புள்ளி பிழை என்று வைத்துப் போட்டால் வருவது. எல்லாத் தலைப்புக்கும் பொதுவான மந்திரம் கிடையாது. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

3.84 × பரவல் × (1 − பரவல்) ÷ பிழையின் வர்க்கம். பரவல் 25%, பிழை 5 புள்ளி என்றால் 3.84 × 0.25 × 0.75 ÷ 0.0025 = 288. இது பட்டியலிலிருந்து ஒவ்வொருவராகக் குலுக்கி எடுப்பதற்கு. நாம் ஊர் ஊராக, கொத்தாக எடுப்போம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கடை உப்பு, ஒரே பழக்கம், ஒரே செவிலியர் என்று ஒத்துப்போவார்கள். ஆகவே தலை எண்ணிக்கைக்கு உள்ள மதிப்பு குறையும். அதற்காக 1.5ஆல் பெருக்கினால் 432. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் என்று 0.9ஆல் வகுத்தால் 480. 30 கொத்து, கொத்துக்கு 16 பேர். ஒரு நாளைக்கு ஒரு கொத்து, 30 களநாள்.

இங்கே நடக்கும் தவறு: "பிழை 5%" என்று எழுதிவிட்டு, அது 25ல் 5 சதவீதமா (அதாவது 1.25 புள்ளி), 20 முதல் 30 வரை என்ற 5 புள்ளியா என்று சொல்லாமல் விடுவது. முதலாவது என்றால் மாதிரி 16 மடங்காகும். சினாப்சிஸ் (ஆய்வுக்கு முன் கல்லூரிக்குக் கொடுக்கும் திட்டச் சுருக்கம்) திரும்பி வருவதற்கு இது ஒன்றே போதும். அதேபோல் 10% ஆள் குறைவுக்கு 432உடன் 43ஐக் கூட்டுவார்கள். கூட்டினால் 475, வகுத்தால் 480. வகுப்பதுதான் சரி.

30 கொத்தை மக்கள்தொகை விகிதப்படி எடுப்பது: வட்டாரத்தின் குக்கிராமங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 96,000 என்றால் இடைவெளி 96,000 ÷ 30 = 3,200. 1 முதல் 3,200க்குள் ஒரு எண்ணைக் குலுக்குங்கள். 1,875 வந்தது என்று கொள்வோம். முதல் குக்கிராமம் 1,240 பேர், இரண்டாவது 2,010 பேர் (கூட்டு 3,250). 1,875 இரண்டாவதில் விழுகிறது, அதுதான் முதல் கொத்து. அடுத்தது 1,875 + 3,200 = 5,075. மூன்றாவது ஊர் 1,100 (4,350), நான்காவது 3,900 (8,250). ஆக நான்காவது. அடுத்தது 8,275, 25 பேர் வித்தியாசத்தில் ஐந்தாவது ஊருக்குப் போய்விடுகிறது. 3,200க்கு மேல் ஆள் உள்ள ஊர் இருமுறை வரலாம். வந்தால் இரண்டு கொத்து எடுக்க வேண்டும். "ஏற்கெனவே எடுத்தாயிற்று" என்று அடுத்த ஊருக்குத் தாண்டக் கூடாது.

ஊருக்குள் போனபின் கோயில் முன் நின்று பேனாவைச் சுழற்றி அது காட்டும் திசையில் நடப்பது பழைய முறை. அப்படிச் செய்தால் நடுத்தெரு வீடுகளே அதிகம் மாட்டும். ஊருக்கு வெளியே இருக்கும் காலனி, தோட்டத்து வீடு, செங்கல் சூளைக் குடிசை விட்டுப்போகும். நோயும் தேவையும் அங்கேதான் அதிகம். வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்குங்கள். பட்டியல் இல்லையென்றால் ஊரை வரைபடத்தில் சம துண்டுகளாகப் பிரித்து ஒரு துண்டைக் குலுக்குங்கள். வீட்டுக்குள் யாரைக் கேட்பது? கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரை. கதவைத் திறந்தவரை அல்ல.

பதிவு 10 | மலைச்சாரல்

30 நாள் களத்துக்கு விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி. மீதி நாளில் புறநோயாளி. இது மாணவருக்கான கணக்கு, பணியில் இருப்பவருக்கு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 11 | கீழ் எண்

நியாயமான எதிர்ப்பு. அப்போது கேள்வியைச் சுருக்க வேண்டும், மாதிரியைச் சுருக்கக் கூடாது. 480 தேவைப்படும் கேள்விக்கு 100 பேரை எடுத்து முடிப்பதுதான் பெரிய பாவம்.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, பதிவேட்டு ஆய்வு. பதிவான 310 பேரின் 12 மாத வருகையை எடுத்து, எந்த மாதத்தில், எந்தக் குக்கிராமத்தில், எந்த வயதில் நின்றுபோகிறார்கள் என்று பார்ப்பது. இதை மாலையில் உட்கார்ந்து முடிக்கலாம். இன்னொன்று, சிறு தொகுதித் தர மதிப்பீடு: ஒவ்வொரு துணை நிலையப் பகுதியிலும் குலுக்கலில் 19 பேர். இலக்கு 80% என்றால் 19ல் குறைந்தது 13 பேரிடம் அந்தச் சேவை சேர்ந்திருக்க வேண்டும். 12க்கு இறங்கினால் அந்தப் பகுதியில் கவனம் தேவை. துல்லியமான சதவீதம் இதில் வராது. எந்தத் துணை நிலையத்துக்கு முதலில் போக வேண்டும் என்பது வரும். வட்டார மருத்துவ அலுவலருக்கு வேண்டியதும் அதுதான்.

பதிவு 12 | வெள்ளை டைரி

களத்துக்குப் போகிறவர்களுக்கு நேரம் பற்றி. காலை 9 முதல் 4 வரை பெண்கள் நூறு நாள் வேலையிலோ காட்டு வேலையிலோ இருப்பார்கள், ஆண்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் போனால் வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும்தான் கிடைப்பார்கள், நோய்ப் பரவல் தானாக ஏறிவிடும். காலை 7 முதல் 9, மாலை 5க்கு மேல். ஆள் இல்லையென்றால் வேறு நாளில் இன்னும் இரண்டு முறை போங்கள். பக்கத்து வீட்டுக்காரரை வைத்து எண்ணிக்கையை நிரப்பாதீர்கள்.

கேள்வி கேட்கும் தமிழும் முக்கியம். "உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளதா?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "பிரஷர், பி.பி., ரத்தக் கொதிப்பு இருக்குன்னு யாராவது டாக்டரோ நர்ஸோ சொல்லியிருக்காங்களா?" என்று கேளுங்கள். "புகையிலை பயன்படுத்துவீர்களா?" என்றால் பாட்டிமார் எல்லாம் இல்லை என்பார்கள். "வெத்தலை போடுவீங்களா? அதோட போயிலை வைப்பீங்களா?" என்று இரண்டாகக் கேட்டால் உண்மை வரும். "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்பது குற்றம் சாட்டுகிற கேள்வி, பதில் ஆமாம் என்றுதான் வரும். "போன ஏழு நாள்ல எத்தனை நாள் மாத்திரை போட முடியாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டு, அட்டையை வாங்கி மிச்சத்தை எண்ணுங்கள். 30 மாத்திரை வாங்கி 18 நாள் ஆகியிருந்தால் 12 இருக்க வேண்டும். 21 இருந்தால் 9 நாள் விட்டிருக்கிறார். அதைச் சொல்லிக் காட்டாதீர்கள், குறித்துக்கொண்டு மட்டும் வாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய கேள்வித்தாளைத் தமிழாக்கியபின், அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பொருந்தாத இடமெல்லாம் கேள்வி பிசகிய இடம். அதற்கப்புறம் ஆய்வில் வராத ஒரு ஊரில் 20 பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

பதிவு 13 | பழைய ரெஜிஸ்டர்

அளவீடு பற்றி இரண்டு வார்த்தை. வீட்டுக்குள் நுழைந்ததும் பி.பி. பார்க்கக் கூடாது. மற்ற கேள்விகளை முதலில் முடியுங்கள், அந்த நேரம் ஓய்வாகவும் ஆகிவிடும். குறைந்தது 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அரை மணிக்குள் டீ, காபி, பீடி கூடாது. கஃப் (கையில் சுற்றும் பட்டை) உள்ளே இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் 80% சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய கஃப் போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், ஆகவே இரண்டு அளவு கஃப் கொண்டு போங்கள். மூன்று முறை எடுத்துக் கடைசி இரண்டின் சராசரி.

தரவு வந்ததும் முதல் வேலையாகக் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். 0, 2, 4, 6, 8 என்று ஐந்து இலக்கமும் ஏறக்குறைய 20% வர வேண்டும். பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிந்தால், 120/80, 130/80 என்று வரிசையாக நின்றால், யாரோ கருவியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தரவை வைத்துப் பரவல் சொல்லக் கூடாது. தானியங்கிக் கருவி இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இன்னொரு பிழை, அடிக்கடி பார்ப்பது: அன்றைக்கு 128/82 இருந்தவரை "நோயில்லை" என்று போட்டுவிடுவார்கள். அவர் மாத்திரை சாப்பிட்டுத்தான் 128. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நோயாளிதான்.

பதிவு 14 | பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் கட்டமைப்பு வேறு. 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகுதான் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு முன்னோடி. வைத்தியர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் எம்.எஸ்சி., அதன் பிறகு எம்.டி.; குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமா, எம்.டி. என்று தனித்தனிப் படிநிலைகள். குடும்ப நல உத்தியோகத்தர் (கள மருத்துவ மாது) தன் பிரிவில் ஒவ்வொரு குடும்பத்தையும் பதிந்து வைத்திருப்பதால் 'கீழ் எண்' சொன்ன கீழ் எண் ஆய்வுக்கு முதல் நாளே கிடைக்கிறது. கர்ப்பவதிகள் ஆய்வுக்கு எச் 512 என்ற கர்ப்பப் பதிவு அட்டையின் ஒரு பிரதி தாயின் கையிலும் மற்றது உத்தியோகத்தரிடமும் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டே தரவின் தரத்தைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பிக்மி எண்ணை (ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரும் அரசுப் பதிவு எண்) வைத்து அதே மாதிரி தாயின் அட்டையையும் கணினிப் பதிவையும் ஒப்பிட்டு ஒரு சிறு ஆய்வு செய்யலாமே?

பதிவு 15 | வெள்ளை டைரி

செய்யலாம், நல்ல தலைப்பு. கடைசி மாதவிடாய்த் தேதி, முதல் பதிவு வாரம், ஹீமோகுளோபின் ஆகிய மூன்றை மட்டும் எடுத்தாலே போதும். அட்டையில் 9.2, கணினியில் 11 என்று எத்தனை தாய்களுக்கு இருக்கிறது என்று எண்ணினால், ரத்தசோகை எங்கே மறைகிறது என்று தெரிந்துவிடும்.

பதிவு 16 | அயன்மேடு

எம்.பி.எச்., எம்.டி. இரண்டிலும் ஒரு நோய்த்தொற்றுப் பரவலையாவது நேரில் ஆராய்ந்து எழுத வேண்டியிருக்கும். வயிற்றுப்போக்கு பற்றி மட்டும் சொல்கிறேன், கிராமத்தில் அதுதான் முதலில் வரும்.

ஊருக்குப் போனதும் எல்லாரும் செய்வது, மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுவது. அது சரிதான், உயிர் காக்கும். ஆனால் அதற்கு 5 நிமிடம் முன் தண்ணீர் மாதிரி எடுத்திருக்க வேண்டும். போட்டபின் எடுத்தால் ஆய்வகம் "கிருமி இல்லை" என்றுதான் சொல்லும், ஆதாரம் போய்விடும். தொட்டி, தெருக்குழாய், கடைசி வீட்டுக் குடம் ஆகிய மூன்று இடத்திலும் எடுங்கள். ஏற்கெனவே குளோரின் கலந்த தண்ணீரென்றால் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்துவிடும். ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள். நோயாளியிடம் மலக்குடல் ஸ்வாபை ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் எடுத்து கேரி-பிளேர் ஊடகத்தில் (ஆய்வகம் சேரும்வரை கிருமியை உயிரோடு வைப்பது) போடுங்கள்.

பிறகு குளோரின்: 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். 33% குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு இந்தக் கணக்கு. மூட்டையைப் பிரித்து வைத்துக் கட்டி தட்டிப்போனதற்கு இது செல்லாது. வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, கடைசிக் குழாயில் சோதித்தால் 0.2 பி.பி.எம். ஆவது இருக்க வேண்டும். தொட்டியில் குளோரின் இருந்தும் கடைசிக் குழாயில் இல்லையென்றால் நடுவில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கலாம். உடைப்பைத் தேடுங்கள்.

இனி ஆய்வு. வந்த நோயாளிகளை மட்டும் பட்டியலிட்டால் பாதிதான். வீடு வீடாக எல்லாரையும் எழுதி, எந்தத் தொட்டித் தண்ணீர் என்று பக்கத்தில் குறியுங்கள். முதல் தொட்டியில் குடித்த 210 பேரில் 42 பேருக்கு நோய் என்றால் 20%. இரண்டாவதில் 190ல் 6 என்றால் 3.2%. ஒன்றை மற்றதால் வகுத்தால் 6 மடங்குக்கு மேல். ஆய்வக முடிவு வருமுன்பே எந்தக் குழாயை மூடுவது என்று ஊராட்சித் தலைவரிடம் காட்ட இந்த நான்கு எண் போதும். இரண்டாவது தொட்டி ஆறு பேரையும் விடாமல் போய்ப் பாருங்கள். அவர்களில் சிலர் கல்யாண வீட்டுக்கோ பள்ளிக்கோ முதல் தொட்டித் தெருவுக்குப் போயிருப்பார்கள்.

பதிவு 17 | தென்னங்கீற்று

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? பி.எச்.சி.யில் எத்திக்ஸ் கமிட்டி கிடையாதே.

பதிவு 18 | பழைய ரெஜிஸ்டர்

நீங்கள் படிக்கிற கல்லூரியின் நெறிமுறைக் குழுதான் பார்க்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளை வைத்துத்தான் கேள்வி வரும். அதோடு மாவட்ட சுகாதார அலுவலரின் அனுமதிக் கடிதம் தனியாக வேண்டும்; மாவட்டம் தாண்டினால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள பொது சுகாதாரத் துறை இயக்ககம். இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்தபின் மற்றது என்று காத்திருந்து 4, 5 மாதம் இழக்கிறார்கள்.

பதிவேட்டுத் தரவு மட்டும் என்றால், பெயர், கைபேசி எண், பிக்மி எண், ஆதார் எல்லாம் நீக்கிய பின்தான் உங்கள் கணினிக்கு வர வேண்டும். அப்படியானால் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். வீட்டுக்குப் போய்க் கேட்கிற ஆய்வில் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரே ஒப்புதல் கேட்கக் கூடாது. நாளைக்குத் தடுப்பூசி போட வருகிறவரிடம் யார் "மாட்டேன்" என்பார்கள்? அதே காரணத்துக்காக, மருத்துவ அலுவலர் தனக்குக் கீழே உள்ள பணியாளர்களின் மனநிறைவை ஆய்வு செய்வதையும் விட்டுவிடுங்கள். பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தாலும் எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் இருக்கும்.

பதிவு 19 | கீழ் எண்

தரவு பதியும்போது ஒரு எச்சரிக்கை. பதில் இல்லாததற்கு 99 என்று போடும் வழக்கம் இருக்கிறது. வயதுக் கட்டத்திலும் 99 போட்டால் ஊரில் திடீரென்று நூறு வயதுக்காரர்கள் பெருகிவிடுவார்கள், சராசரி ஏறிவிடும். வெறுமையாக விடுங்கள், அல்லது 999 போட்டு அலசுமுன் அதை விலக்கிவிடுங்கள். உயரம் சிலருக்கு 165, சிலருக்கு 1.65 என்று வரும். கைபேசியில் தரவு பதியும் கோபோவிலோ எபிகலெக்டிலோ படிவம் செய்தால் 120க்கும் 200க்கும் இடையில் மட்டும் ஏற்கும்படி வரம்பு வைத்துவிடலாம். இரண்டும் இலவசம், நெட் இல்லாத மலைக்கிராமத்திலும் வேலை செய்யும். அலசுவதற்கு எபி இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். கொத்து முறையில் எடுத்த தரவைச் சாதாரணத் தரவு போல அலசாதீர்கள். பிழை வரம்பு பொய்யாகக் குறுகிவிடும். கொத்து எண்ணையும் ஒரு கட்டமாகப் பதிந்தால்தான் பிறகு சரிசெய்ய முடியும்.

பதிவு 20 | மலைச்சாரல்

ஆய்வேடு முடிந்து கல்லூரியில் கொடுத்தாயிற்று. அந்த 90 பேர், பதிவேட்டில் ஏறி வராமல் போனவர்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? பெயரை நீக்கிவிட்டோமே.

பதிவு 21 | வெள்ளை டைரி

உங்கள் தரவில் பெயர் இல்லை, செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது "மூன்றாவது மாதம்தான் நின்றுபோகிறார்கள், அதிலும் இந்த நான்கு குக்கிராமத்தில்" என்பது மட்டும். அதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, மாதாந்திரக் கூட்டத்தில் கொடுங்கள். அவர் தன் பதிவேட்டைத் திறந்து அந்த நான்கு ஊரில் 3 மாதமாக வராதவர்களை எடுத்து, ஊருக்கு ஒரு தாளாகப் பிரித்து, வீட்டு அடையாளத்தோடு எழுதிக்கொள்வார்: பால் சொசைட்டி பின்னால், ஓட்டு வீடு, மருமகள் மட்டும் பகலில் இருப்பாள். அடுத்த வாரம் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் பையில் மாத்திரையோடு அந்தத் தாளும் போகட்டும்.